குரோமில் திறக்கிறது, பில்லிங் மென்பொருள் மட்டும் இணைய மறுக்கிறது: ஏன்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் பில்லிங் மென்பொருளே இ-இன்வாய்ஸுக்கான ஐஆர்என் என்ற பதிவு எண்ணை நேரடியாக வாங்கித் தந்துவிடும். போன வாரம் வரை ஒழுங்காக ஓடியது. இப்போது ‘குட் நாட் கிரியேட் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் செக்யூர் சேனல்’ என்று வந்து நின்றுவிடுகிறது. அதே சிஸ்டத்தில் குரோமில் இ-இன்வாய்ஸ் இணையதளம் நன்றாகத் திறக்கிறது. முதலாளியின் லேப்டாப்பில், அதே வைஃபையில், அதே மென்பொருள் வேலை செய்கிறது. என்னுடையது விண்டோஸ் 7, அவருடையது விண்டோஸ் 10. சர்வீஸுக்கு வந்தவர் ஆன்டிவைரஸை எடுத்துவிடலாம் என்கிறார். இதற்கு நடுவில் லேப்டாப்பிலிருந்து அனுப்பிய ஒரு பில் டைம் அவுட் ஆனது. திரும்ப அனுப்பினால் ‘டூப்ளிகேட் ஐஆர்என்’ என்கிறது. பில் நம்பரை மாற்றி அனுப்பிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். நம்பரை மாற்றாதீர்கள்.

டைம் அவுட் என்றால் பில் போய்ச் சேரவில்லை என்று அர்த்தமில்லை. பதில் குறித்த நேரத்துக்குள் வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். உங்கள் பில் சர்வருக்குப் போய், அங்கே பதிவும் ஆகி, ஐஆர்என்னைச் சுமந்துகொண்டு வந்த பதில் மட்டும் வழியில் அறுந்திருக்கிறது. அதனால்தான் இரண்டாம் முறை அனுப்பும்போது ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்கிறார்கள். பிழை எண் 2150 என்று திரையில் வந்திருக்கும். ஐஆர்என் என்பது விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகிய நான்கையும் வைத்து எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டு முறையில் உருவாக்கும் 64 எழுத்துக் கோவை. நான்கும் மாறாதவரை எத்தனை முறை அனுப்பினாலும் அதே கோவைதான் வரும். ஒரே விற்பனை இரண்டு முறை பதிவாகாமல் உங்களைக் காப்பாற்றுவது இந்த ஏற்பாடு. நம்பரை மாற்றினால் அந்தக் காவலை நீங்களே தாண்டிப் போகிறீர்கள். ஒரே சரக்குக்கு இரண்டு இன்வாய்ஸ் பதிவாகும், இரண்டும் உங்கள் விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் தானாக ஏறும், வாங்கியவரின் வரி வரவைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி-யிலும் போய் நிற்கும். அப்புறம் ஆடிட்டரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியதுதான்.

செய்ய வேண்டியது எளிது. டூப்ளிகேட் என்று வரும் பதிலிலேயே பழைய ஐஆர்என்னும் ஒப்புகை எண்ணும் சேர்ந்தே வருகின்றன. நல்ல மென்பொருள் அதைப் படித்து பில்லில் ஏற்றிவிடும். உங்களுடையது ஏற்றவில்லை என்றால், ஆவண எண், தேதியைக் கொடுத்து ஐஆர்என்னைத் திரும்ப எடுக்கும் வசதி மெனுவில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இணையதளத்திலேயே உள்ளே நுழைந்து அந்த இன்வாய்ஸை எடுத்துக்கொள்ளலாம். தள்ளிப்போடாமல் இன்றே செய்யுங்கள். அந்த பில்லே தப்பு, ரத்து செய்ய வேண்டும் என்றாலும் பதிவான 24 மணி நேரத்துக்குள்தான் இணையதளத்தில் முடியும். ரத்து செய்த பில் நம்பரைத் திரும்பப் பயன்படுத்தவும் முடியாது. அந்த ஐஆர்என்னோடு, சரக்கை அனுப்புவதற்கான ஒரு இ-வே பில் உயிரோடு இருந்தால் முதலில் அதை ரத்து செய்தாக வேண்டும்.

சரி, இப்போது இணைப்புக்கு வருவோம்.

பாதித் துப்பறியும் வேலையை உங்கள் கேள்வியிலேயே முடித்துவிட்டீர்கள். லேப்டாப்பில் அதே மென்பொருள் அதே வைஃபையில் ஓடுகிறது என்றால் நெட், ரூட்டர், கம்பெனியின் ஃபயர்வால் எதுவும் குற்றவாளி இல்லை. பயனர் பெயர், கடவுச்சொல்லும் சரி. அந்தப் பக்கத்து சர்வரும் உயிரோடு இருக்கிறது. மிச்சம் இருப்பது உங்கள் ஒரு கம்ப்யூட்டர்தான். இரண்டாவது கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் இதே சோதனையை செல்போன் ஹாட்ஸ்பாட்டை வைத்துச் செய்யலாம். ஹாட்ஸ்பாட்டில் ஓடி ஆபீஸ் நெட்டில் ஓடவில்லை என்றால் சிக்கல் நெட்டில். இரண்டிலும் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் கம்ப்யூட்டரிலோ கணக்கிலோ. எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும். பத்து இடத்தில் கை வைத்துவிட்ட பிறகு எது எதனால் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

‘குரோமில் திறக்கிறதே’ என்ற சாட்சியம்தான் எல்லோரையும் குழப்புகிறது. இரண்டு காரணங்களால் அதை நம்பக் கூடாது. ஒன்று, குரோமில் நீங்கள் திறப்பது அரசின் இணையதளம். உங்கள் மென்பொருள் போவது பெரும்பாலும் வேறு முகவரிக்கு. சிறிய, நடுத்தர நிறுவனங்களின் மென்பொருள்கள் ஜிஎஸ்பி எனப்படும் இடைநிலை நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் பதிவு சர்வருக்குச் செல்கின்றன. ஆகவே மென்பொருள் எந்த முகவரிக்குப் போகிறது என்று அதன் உதவி மையத்தில் கேட்டு வாங்கி, அந்த முகவரியைக் குரோமில் அடித்துப் பாருங்கள். அழகான பக்கம் வராது. ‘404’ என்றோ அனுமதி இல்லை என்றோ ஒரு வரி வரலாம். அது நல்ல செய்திதான். போய்ச் சேர்ந்ததால்தான் அந்தப் பதிலே வந்திருக்கிறது.

இரண்டாவது காரணம்தான் உங்கள் வழக்கின் மையம். டிஎல்எஸ் என்பது இரு கம்ப்யூட்டர்கள் பேசத் தொடங்கும்முன் எந்தப் பூட்டு, எந்தச் சாவி என்று உடன்படும் முறை. 1.0, 1.1 என்ற பழைய பதிப்புகளை 2021 மார்ச்சில் இணையத் தரநிலை அமைப்பு முறைப்படி ஒதுக்கிவிட்டது. இப்போதைய சர்வர்கள் கேட்பது 2008-இல் வந்த 1.2 அல்லது 2018-இல் வந்த 1.3. குரோம் இந்த வேலைக்குத் தேவையானதைத் தன்னோடேயே கொண்டுவருகிறது, விண்டோஸைக் கேட்பதில்லை. அதனால்தான் விண்டோஸ் 7-இலும் அது திறக்கிறது. உங்கள் பில்லிங் மென்பொருள் அப்படி இல்லை. திரையில் வந்த அந்த வாசகம் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் என்ற மென்பொருள் தளத்தில் எழுதிய மென்பொருள்கள் தரும் வாசகம். டாட்நெட் இந்த வேலையை விண்டோஸின் எஸ்-சேனல் என்ற பகுதியிடம் ஒப்படைக்கிறது. டாட்நெட்டின் பழைய பதிப்புகள் தாமாகக் கேட்பது டிஎல்எஸ் 1.0. அந்தப் பக்கம் 1.0-ஐ மூடியவுடன் பேச்சு முறிகிறது. போன வாரம் வரை ஓடி இந்த வாரம் நின்றதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான்: உங்கள் கம்ப்யூட்டரில் எதுவும் மாறவில்லை, அங்கே பழைய கதவை அடைத்திருக்கிறார்கள்.

இங்கே பிழை வாசகத்தை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். ‘குட் நாட் கிரியேட்’ என்றால் பூட்டுச் சாவியில் உடன்பாடு இல்லை. ‘குட் நாட் எஸ்டாப்ளிஷ் டிரஸ்ட் ரிலேஷன்ஷிப்’ என்று வந்திருந்தால் கதையே வேறு: சர்வர் காட்டிய சான்றிதழை உங்கள் கம்ப்யூட்டர் நம்பவில்லை. அப்போது முதலில் பார்க்க வேண்டியது தேதியும் நேரமும். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்தால் கம்ப்யூட்டர் பழைய ஆண்டுக்குப் போய்விடும், எல்லாச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். அடுத்து ஆன்டிவைரஸ். பல ஆன்டிவைரஸ்கள் பாதுகாப்பான இணைப்புகளையும் இடையில் பிரித்துப் பார்த்து, தங்கள் சான்றிதழைக் காட்டும். சில மென்பொருள்கள் அதை ஏற்காது. ‘ரிமோட் நேம் குட் நாட் பி ரிசால்வ்டு’ என்றால் முகவரியையே கண்டுபிடிக்க முடியவில்லை, இணையப் பெயரைச் சர்வரின் எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். ‘407’ என்றால் ஆபீஸுக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் ப்ராக்ஸி சர்வர் கடவுச்சொல் கேட்கிறது. ‘401’ என்றால் வாசல் வரை போய்விட்டீர்கள், அடையாளம்தான் தவறு.

ஆகவே ஆன்டிவைரஸை எடுத்துவிடும் யோசனை உங்கள் பிழைக்குப் பொருந்தும் மருந்தாகத் தெரியவில்லை. சந்தேகம் தீர வேண்டுமானால் பாதுகாப்பான இணைப்புகளைப் பிரித்துப் பார்க்கும் அதன் எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்கை மட்டும் ஐந்து நிமிடம் நிறுத்திச் சோதித்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடுங்கள். அதுதான் காரணம் என்று தெரிந்தால்கூட அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் போதும். ஜிஎஸ்டி கடவுச்சொல்லும் வாடிக்கையாளர் பட்டியலும் இருக்கும் கம்ப்யூட்டரைக் காவலில்லாமல் விடுவது பெரிய தவறு. அதைவிட மோசம், மென்பொருளின் அமைப்பில் ‘சான்றிதழைச் சரிபார்க்காதே’ என்று ஒரு டிக் இருந்து, அதைப் போட்டுவிடச் சொல்வது. யார் பில்லை வாங்கிக்கொள்கிறார்கள் என்றே தெரியாமல் அனுப்பும் நிலை அது. யார் சொன்னாலும் போடாதீர்கள்.

விண்டோஸ் 7-ஐ வைத்துக்கொண்டே முயல ஒரு வழி உண்டு. முதலில் சர்வீஸ் பேக் 1 இருக்க வேண்டும். அதன்மேல் டாட்நெட் 4.8-ஐப் போடலாம், அது விண்டோஸ் 7-இல் ஏறும். பிறகு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் டாட்நெட்டின் 4.0.30319 பகுதியில் ‘எஸ்சிஎச் யூஸ் ஸ்ட்ராங் கிரிப்டோ’ (SchUseStrongCrypto) என்ற டிவேர்டு மதிப்பை 1 ஆக்க வேண்டும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் ஓடினால் ‘வாவ்6432நோட்’ கிளையிலும் அதையே செய்ய வேண்டும். பலரும் ஒரு கிளையில் மட்டும் மாற்றிவிட்டு, பலன் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். எஸ்-சேனலில் டிஎல்எஸ் 1.2-இன் கிளையன்ட் பகுதியையும் இயக்கிவிடுங்கள். சில மென்பொருள்கள் டாட்நெட்டுக்குப் பதில் விண்டோஸின் வின்எச்டிடிபி என்ற இணைப்புப் பகுதி வழியாகப் போகும், அவற்றுக்கு மைக்ரோசாஃப்டின் கேபி3140245 அப்டேட் தேவை. இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் டிஎல்எஸ் 1.2-க்கு டிக் போட்டால் சரியாகிவிடும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அந்த டிக் டாட்நெட் மென்பொருளைத் தொடாது. ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன் அதை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், பழக்கமில்லை என்றால் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். முடிந்தபின் ரீஸ்டார்ட் செய்ய மறக்காதீர்கள்.

இதெல்லாம் செய்தும் அதே வாசகம் வரலாம். டிஎல்எஸ் 1.2 என்று பதிப்பு ஒத்துப்போனாலும், அதற்குள் எந்தக் குறியாக்கக் கூட்டு என்பதிலும் இருவரும் உடன்பட வேண்டும். இன்று பல சர்வர்கள் ஏற்கும் ஆர்எஸ்ஏ சான்றிதழுக்கான இசிடிஎச்இ–ஜிசிஎம் கூட்டுகள் விண்டோஸ் 7-இன் எஸ்-சேனலில் கிடையவே கிடையாது. அந்த சர்வர் அவற்றை மட்டும் ஏற்பதாக இருந்தால் எந்த ரெஜிஸ்ட்ரி மாற்றமும் உதவாது. என் கருத்தைக் கேட்டால், அரை நாளுக்கு மேல் இதில் செலவிடாதீர்கள். விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது. அதில் ஏறிய கடைசிக் குரோமும் 109-ஆம் பதிப்புதான், ஆகவே இன்று திறக்கும் இணையதளமும் என்றாவது நின்றுபோகும். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் ஆதரவு முடிந்துவிட்டதால் புதிதாக வாங்குவதென்றால் விண்டோஸ் 11 உள்ளதாகவே வாங்கச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள்.

அதுவரை லாரி நிற்காதே என்பீர்கள். மென்பொருளிலிருந்து பில்களை ஜேசன் என்ற தரவு வடிவக் கோப்பாக எடுத்து, குரோமில் இ-இன்வாய்ஸ் இணையதளத்தின் மொத்தப் பதிவேற்றப் பகுதியில் ஏற்றலாம். குரோம் திறப்பதால் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இது நடக்கும். பதிவானபின் வரும் ஐஆர்என்னையும் கையொப்பமிட்ட க்யூஆர் குறியீட்டையும் மென்பொருளில் இறக்குமதி செய்துவிட்டு பில்லை அச்சிடுங்கள். ஒரே பில்லை லேப்டாப்பிலிருந்தும் ஜேசனாகவும் அனுப்பிவிடாமல், எது எந்த வழியில் போனது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். உங்கள் கம்பெனியின் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி அல்லது அதற்கு மேல் என்றால், 2025 ஏப்ரல் 1 முதல் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. கம்ப்யூட்டர் சரியாகட்டும் என்று பில்களைக் குவித்து வைக்க வேண்டாம்.

புதுக் கம்ப்யூட்டருக்கு மாறும்போது ஒரு விஷயம். மென்பொருளில் கொடுக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இணையதளத்தில் நுழையும் பெயரும் கடவுச்சொல்லும் அல்ல. இணையதளத்தின் ‘ஏபிஐ ரெஜிஸ்ட்ரேஷன்’ பகுதியில், ஜிஎஸ்பியின் பெயரைத் தேர்ந்தெடுத்துத் தனியாக உருவாக்கியவை அவை. அவை உங்கள் ஜிஎஸ்டி எண்ணுக்கும் அந்த ஜிஎஸ்பிக்கும் உரியவை, கம்ப்யூட்டருக்கு உரியவை அல்ல. அதே மென்பொருளைத் தொடர்ந்தால் லேப்டாப்பில் இப்போது இருப்பதையே போட்டுக்கொள்ளலாம். வேறு மென்பொருளுக்கு மாறி, அதன் ஜிஎஸ்பியும் வேறாக இருந்தால்தான் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கும்.