கப்பல் வரியும் 1641ஆம் ஆண்டும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்து உள்நாட்டுப் போருக்குக் கப்பல் வரிதான் காரணம் என்று நான் படித்த குறிப்பேட்டில் இருக்கிறது. வகுப்பில் மதம் என்கிறார்கள். தோழி, வணிக வர்க்கத்தின் எழுச்சி என்கிறாள். எது சரி? தேர்வுக்கு ஒரே வரியில் சொன்னால் போதும். கிராம்வெல் ஏன் போரைத் தொடங்கினார்?

— முதுகலை மாணவி, திருச்சி

அன்புள்ள மாணவிக்கு,

பின்னாளில் நாடாளுமன்றப் படைத்தலைவரான கிராம்வெல் போரைத் தொடங்கவில்லை. 1642இல் அவர் கேம்பிரிட்ஜ் தொகுதி உறுப்பினர், அவ்வளவுதான். வர்க்கம் என்றால், நிலக்கிழார்களும் வணிகர்களும் அரசர், நாடாளுமன்றம் என்ற இரு தரப்பிலும் இருந்தார்கள். அதை விடுங்கள்.

கப்பல் வரிக்கு வருவோம், நானும் இப்போது 1641ஐத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கடலோர ஊர்கள் தந்துவந்த வரியை அரசர் முதலாம் சார்லஸ் 1635இல் உள்நாட்டுக்கும் விரித்தார். அதைக் கட்ட மறுத்த ஹாம்டனின் வழக்கில் 12 நீதிபதிகளில் 7 பேர் அரசர் பக்கம் நின்றார்கள். மக்கள் கசப்போடு முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் கட்டவும் செய்தார்கள். 1641 ஆகஸ்டில் அந்த வரி சட்டப்படி ஒழிந்தது, அரசரே ஒப்புதல் தந்தார். போர் மூண்டது 1642 ஆகஸ்டில். ஒழிந்துபோன வரிக்காகவா ஓராண்டு கழித்து வாளெடுப்பார்கள்? இரண்டு தேதிகளைக்கூட ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு வரி கேட்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம்.

1640இல் சார்லஸ் நினைத்திருந்தாலும் போரிட்டிருக்க முடியாது. அவர் திணித்த வழிபாட்டு நூலை எதிர்த்து எழுந்த ஸ்காட்லாந்துப் படை வட இங்கிலாந்தில் உட்கார்ந்திருந்தது. அதற்கு நாளொன்றுக்கு 850 பவுன் படி அளக்க வேண்டும். அந்தப் பணத்துக்காகக் கூட்டிய நாடாளுமன்றத்தில் அவருக்கென்று ஒரு கட்சியே இல்லை. அரசரின் முதன்மை ஆலோசகர் ஸ்ட்ராஃபோர்டின் தலை போனது. தன் சம்மதம் இல்லாமல் தன்னைக் கலைக்க முடியாது என்று அவை சட்டமே இயற்றிக்கொண்டது.

பிறகு 1641 அக்டோபரில் அயர்லாந்தில் கலகம். படை திரட்டியாக வேண்டும், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. அதை யார் கையில் கொடுப்பது? மரபுப்படி அரசர் கையில். அந்த மே மாதம்தான் அவர் தரப்பு அதிகாரிகள் படையை வைத்து நாடாளுமன்றத்தை மிரட்டத் திட்டமிட்டது அம்பலமாகியிருந்தது. அவரை யார் நம்புவார்கள்?

நவம்பரில் அரசர்மீதான குறைகளை அடுக்கிய பெரும் முறையீடு கீழவையில் 159க்கு 148 என்று நிறைவேறியது. எதிர்த்த அந்த 148ஐ அழுத்தமாக அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பிஷப்புகளும் வழிபாட்டு முறையும் போய்விடும், ஒழுங்கே குலையும் என்று அஞ்சியவர்கள் பலர் அதில் இருந்தார்கள். மதம் செய்த வேலை இதுதான்: தனித்து நின்ற அரசருக்கு ஒரு தரப்பைத் தந்தது. ஒற்றைத் தரப்பை வைத்துக்கொண்டு உள்நாட்டுப் போர் நடக்காது அம்மா.

1642 ஜனவரி 4 அன்று தன்னை எதிர்த்த ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க ஆயுத ஆட்களோடு அரசரே அவைக்கு வந்தார். அவர்கள் முன்பே நழுவிவிட்டார்கள். மார்ச்சில் அரசர் ஒப்புதல் இல்லாமலே ஊர்ப்படைகளைத் தன் பொறுப்பில் எடுத்தது நாடாளுமன்றம். ஏப்ரலில் ஆயுதக் கிடங்கு இருந்த ஹல் நகரம் அவருக்குக் கதவடைத்தது. ஆகஸ்ட் 22இல் நாட்டிங்ஹாமில் அவர் போர்க்கொடி ஏற்றினார்.

1641 மே முதல் 1642 ஆகஸ்ட் வரை மாதவாரியாக ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். பார்த்துத் திருத்தித் தருகிறேன்.