தேரியும் கரிசலும்: ஒரே மழையில் இரண்டு மண் ஏன்?

கேள்வி: சாயல்குடிப் பக்கம் எங்கள் பனங்காடு செந்தேரியில், அதாவது சிவப்பு மணல்மேட்டில், இருக்கிறது. முதுகுளத்தூர்ப் பக்கம் அம்மா வீட்டு நிலமோ கரிசல். முண்டு மிளகாய் போடுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே மழை. மண் மட்டும் ஏன் வேறு? தேரியில் கண்மாய்க் கரம்பை (கண்மாயில் படிந்த வண்டல் களி) அடித்தால் அதுவும் கரிசலாகுமா?
– ஒரு வாசகி, சாயல்குடி

பதில்: வானத்திலிருந்து விழுகிற மழை ஒன்றுதான், அம்மா. விழுந்த பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் விவசாயிகளிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான்.

பாறையில் மிகுதியாக இருக்கும் கனிமம் ஃபெல்ட்ஸ்பார். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது, ஃபெல்ட்ஸ்பாரைச் சிதைக்கிறது. சாம்பல் சத்து, சோடியம், சுண்ணாம்பு, சிலிக்கா எல்லாம் நீரில் கரைந்து வெளியேறுகின்றன. அந்த நீர் வடிந்து போய்விட்டால் மிஞ்சுவது கயோலினைட் என்ற களிமண். சத்தைப் பிடித்துவைக்கும் வலு அதற்குக் குறைவு. நீலகிரி போன்ற மழை மிகுந்த மலைச்சரிவில் இந்தச் சிதைவு இன்னும் முற்றி, அலுமினிய ஹைட்ராக்சைடு வரை போய்விடுகிறது. வடியாமல் தேங்கி, கோடையில் வற்றினாலோ சிலிக்காவும் மக்னீசியமும் அங்கேயே செறிந்து ஸ்மெக்டைட் உருவாகிறது. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற களி இது. சித்திரையில் உங்கள் அம்மா வீட்டு நிலம் கை நுழையும் அளவுக்கு வெடிப்பது இதனால்தான். வைகையும் குண்டாறும் கொண்டுவந்து பரப்பிய வண்டலில், சரிவே இல்லாத சமவெளியில், இந்தக் களி நிலைத்துவிட்டது.

கரிசலைத் தோண்டினால் வெள்ளைச் சுக்கான் கல் அகப்படும். அதன் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள், நுரைக்கும். கரைந்த சுண்ணாம்பு கடலுக்குப் போக வழியின்றி அங்கேயே படிந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

தேரியின் கதை வேறு. அது காற்று குவித்த மணல்மேடு, பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற வெறும் சிலிக்காவாலான கனிமம். சாதாரணக் கனிமங்களில் கடைசிவரை சிதையாமல் நிற்பது குவார்ட்ஸ்தான். பெய்த மழை நொடியில் இறங்கிவிடும். இரும்புள்ள கனிமங்கள் சிதைந்து, வெளிவந்த இரும்பு ஆக்சைடாக மணலின் மேல் பூச்சாகப் படிந்ததால் அந்தச் சிவப்பு. சத்தைக் கொடுக்கும் கனிமமும் குறைவு, பிடித்துவைக்கும் களியும் குறைவு. ஆகவே மண்ணின் பிறப்பும் வேறு, நிலத்தின் மேடுபள்ளமும் வேறு. மழையை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது.

வெயிலைப் பற்றியும் சொல்கிறேன். பத்து டிகிரி வெப்பம் கூடினால் கனிமத்தைச் சிதைக்கும் வேதிவினை ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகும். ஆனால் நம் கடற்கரையில் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையோடு சரி. தண்ணீர் இல்லாத மண்ணில் எவ்வளவு வெயில் இருந்தும் அந்த வினை நடக்காது.

மரத்தின் பங்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. வேர் மூச்சுவிடும்போது மண்ணுக்குள் கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைப்போலப் பல மடங்காகிறது. வேரிலிருந்து கசியும் அமிலங்கள் கனிமத்திலிருந்து இரும்பையும் அலுமினியத்தையும் பெயர்த்தெடுக்கின்றன. பனையும் உடைமரமும் நிற்கிற தேரியில் இந்த வேலை மெதுவாகவேனும் நடக்கிறது. அவற்றை வெட்டிவிட்டால் மணலைப் பிடிக்கவும் ஆளில்லை; காற்று மறுபடி அதை நகர்த்தத் தொடங்கும். பனையை வெட்டாதீர்கள்.

இனி கரம்பை. அடித்தால் தேரி கரிசலாகாது. ஆனால் ஸ்மெக்டைட் களி வந்து சேரும். எடைக்கு எடை பார்த்தால் கயோலினைட்டைவிடப் பல மடங்கு சத்தைப் பிடித்துவைக்கும் களி அது. மேல் மண்ணோடு கலக்கி, கூடவே சாணக் குப்பையும் போடுங்கள். சும்மா மேலே கொட்டி வைத்தால் காய்ந்து கட்டியாகிவிடும். ஒரு எச்சரிக்கை: கடலோரக் கண்மாய்க் கரம்பையில் உப்பு இருக்கலாம். வண்டி பேசுவதற்கு முன், கண்மாயில் நாலைந்து இடங்களில் அள்ளிக் கலந்து ஒரு அரைக் கிலோ எடுத்து, மண் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவைப் பார்த்துவிடுங்கள்.