வாய் சும்மா இருக்கட்டும்

அன்புள்ள அக்கா,

மோல்மீனிலிருந்து எழுதுகிறேன். 19 வருடமாக சிகரெட், நாளைக்கு ஒரு பாக்கெட். விட்டு இன்றோடு நான்கு நாள். இரண்டாம் நாள் இரவு மட்டும் ஒன்று பிடித்துவிட்டேன். அப்படியானால் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டுமா? குடிக்கும்போது இல்லாத இருமல் இப்போது வருகிறது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நேற்று சாப்பாட்டில் உப்பு குறைந்ததற்காகத் தட்டைத் தள்ளிவிட்டேன், வீட்டுக்காரி அழுதாள். உடம்பு பெருக்கும் என்கிறார்கள். ஃபில்டர் சிகரெட்டுக்குப் பதில் நம் ஊர் சுருட்டு பரவாயில்லை என்று மாமா சொல்கிறார். இப்போது ஒரு நண்பன் சொன்னபடி புகையிலை போடாத குன்யா (பாக்கு வைத்த நம் பர்மா வெற்றிலைச் சுருள்) மெல்கிறேன், நாளைக்கு ஆறேழு ஆகிறது, அது கொஞ்சம் கைகொடுக்கிறது. சாயங்காலம் தேத்தண்ணிக் கடையில் நண்பர்களோடு உட்காரும் அந்த ஒரு மணி நேரத்தை எப்படிக் கடப்பது? அதற்கு மட்டுமாவது வழி சொல்லுங்கள்.

*

அன்புள்ள தம்பி,

போன வாரம் இங்கே ரங்கூனில் அனவ்ரதா சாலைக் காளி கோயிலில் ஒரு பையனைப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. பிரசாதமாகக் கொடுத்த சுண்டலை ஒவ்வொரு கடலையாக எடுத்து உதட்டுக்கு நடுவில் வைத்து, விரலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். அவன் வாய் அதற்கு மேல் திறக்கவில்லை. பல்லெல்லாம் சிவப்பு. வீட்டுக்கு வந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நினைப்போடு இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். உடம்பு பெருக்குமா? நாலைந்து கிலோ ஏறினால் ஏறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். சுருட்டு? இலையில் சுற்றினாலும் காகிதத்தில் சுற்றினாலும் உள்ளே எரிவது புகையிலைதான். மாமாவிடம் சொல்லிவிடுங்கள். இரண்டாம் நாள் பிடித்த ஒன்று? அது ஒன்று, அவ்வளவுதான். ஒன்றிலிருந்து எண்ண வேண்டாம். மிச்சப் பாக்கெட் வீட்டில் இருந்தால் மட்டும் இப்போதே எழுந்து போய்க் கசக்கிப் போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

இருமலுக்குப் பயப்படாதீர்கள். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளுகிற நுண்ணிய மயிரிழைகள் உண்டு. இத்தனை வருடப் புகையில் அவை செயலற்றுக் கிடந்தன. இப்போது எழுந்து வேலை செய்கின்றன, அதுதான் இருமல். சில வாரம் இருக்கும். நீடித்தாலோ, ரத்தம் வந்தாலோ டாக்டரிடம் போய்விட வேண்டும்.

தூக்கத்துக்குத் தேத்தண்ணியும் ஒரு காரணம். புகையில் இருக்கும் தார், தேயிலையின் காஃபீனைக் கல்லீரல் சீக்கிரம் கரைக்கும்படி செய்துவிடுகிறது. புகை நின்றதும் அந்த அவசரம் போய்விடும். வழக்கமான அத்தனை கிளாஸையும் குடித்தால் காஃபீன் முன்னைவிட நெடுநேரம் ரத்தத்தில் தங்கும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், அதை நீங்கள் சிகரெட் ஏக்கம் என்று நினைப்பீர்கள். கிளாஸைப் பாதியாக்குங்கள், சாயங்காலத்துக்குப் பிறகு வேண்டாம்.

தட்டைத் தள்ளினதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டேன். நிகோடின் இறங்கும்போது எரிச்சல் வரும், அது பொய்யில்லை. சிகரெட் இழுத்த பத்துப் பதினைந்து நொடியில் மூளைக்குப் போய்ச் சேருகிற சரக்கு அது. இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் அடுத்ததைக் கேட்கிறது. நிறுத்தினால் இரண்டாவது மூன்றாவது நாள்தான் உச்சம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், இனி இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கும். எரிச்சலை வேண்டுமானால் நிகோடின் தலையில் போடுங்கள். தட்டைத் தள்ளின கை உங்களுடையது. அந்தப் பெண் இத்தனை வருடமாக உங்கள் புகையையும் சேர்த்து மூச்சில் வாங்கியிருக்கிறாள். இன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உப்பு எப்படி இருந்தாலும் சாப்பிடுங்கள்.

இப்போது குன்யாவுக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன இடம் அது.

என் அப்பாவுக்கு ரங்கூனில் சிறிய மளிகைக் கடை இருந்தது. 1964 மார்ச்சில் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள். அதே வருடம் மே மாதம் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் மெட்ராசுக்குக் கப்பலேறினார்கள். அப்பா போகவில்லை. அவர் பிறந்ததே இங்கேதான், அங்கே யாரைத் தெரியும்? கடை போன பிறகு திண்ணையில் உட்கார்ந்து ஒன்றில் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு புகைத்தபடி இருப்பார். தீமிதிக்குக் காப்புக் கட்டிய பத்து நாளும் தொடமாட்டார். காப்பு அவிழ்த்த சாயங்காலமே பற்றவைத்துவிடுவார். 1976-இல் ஒருதரம் காப்பு அவிழ்த்தார், பற்றவைக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். அம்மா யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் கண்பட்டுவிடும் என்று பயந்தாள். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ பக்கத்து வீட்டுக்காரர் ஒரு குன்யாவை நீட்டினார். “வாய் சும்மா இருக்காதுல்ல அண்ணாச்சி, இதப் போடுங்க.” நல்ல மனதோடுதான் கொடுத்தார்.

வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். போர்வையில் புகை நாற்றம் இல்லை. வெற்றிலை நம் வீட்டுப் பொருள்தானே, கல்யாணத்துக்குத் தட்டில் வைப்பது, ஆத்தா சாப்பிட்டபின் போட்டது. நாளைக்கு நாலு என்பது பன்னிரண்டாயிற்று. பிறகு இருபது. தூங்கும்போதும் கன்னத்தில் ஒன்று ஒதுங்கியிருக்கும்.

பல வருடம் கழித்து அப்பா மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸில் மிளகாய்த்தூள் வேண்டாம் என்றார். காரம் போட்டால் வாய் எரிகிறதாம். வாய்ப்புண் என்று மணத்தக்காளிக் கீரை சமைத்தாள் அம்மா. பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தடித்து, பட்டையாக இறுகிற்று. கொட்டாவி விட முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வாய் மூடிக்கொண்டே வந்தது. கடைசி இரண்டு வருடம் அம்மா சோற்றைக் கஞ்சியாகக் கரைத்து, தேக்கரண்டியைப் படுக்கைவாட்டில் திருப்பி, பல்லிடுக்கு வழியாக ஊற்றினாள். பிள்ளைகளுக்கு உருண்டை பிடித்துக் கொடுத்த மனிதருக்கு ஒரு உருண்டை உள்ளே போகவில்லை. அவர் பேசினால் அம்மாவுக்கு மட்டும்தான் புரியும்.

அது பாக்கின் வேலை. புகையிலை போடவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும், ஏன், வெறும் பாக்கையுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்தது. வாய் இறுகும் அந்த நோய் வந்தால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சிலருக்கு அது புற்றாகவும் மாறும். பாக்கில் அரிகோலின் என்ற சரக்கு இருக்கிறது, அதற்கும் அடிமைப்படுத்தும் குணம் உண்டு. நாலே நாளில் ஆறேழு என்கிறீர்கள். அது கைகொடுக்கவில்லை தம்பி, கையைப் பிடித்துக்கொண்டது. ஆத்தா போட்டாளே என்று என்னிடம் வராதீர்கள். ஆத்தாளின் கன்னத்துக்குள் யார் விளக்கடித்துப் பார்த்தார்கள்?

வாய்க்கு ஏதாவது வேண்டும் என்றால் சோம்பு, ஏலக்காய், கிராம்பு போடுங்கள். தாங்கவே முடியாவிட்டால் மருந்துக்கடையில் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அது புகையில்லாமல் அளவாக நிகோடினைக் கொடுத்து, சில வாரத்தில் குறைத்துக்கொண்டே வந்து விடுவதற்கு. பல்லால் அரைத்துத் தள்ளக் கூடாது. சுருசுருவென்று வந்ததும் நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், அடங்கினதும் மறுபடி இரண்டு மெல். ஒதுக்கத்தான் உங்களுக்குத் தெரியுமே. மெல்லும்போதும், அதற்குமுன் கால் மணி நேரமும் தேத்தண்ணி வேண்டாம், வாயில் மருந்து ஏறாது. இருதயக் கோளாறு ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இப்போது வேலை ஒன்று. ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நெட்டுக்குத்தாக வாய்க்குள் விட்டுப் பாருங்கள். கண்ணாடி முன்னால் நின்று செய்யுங்கள். அந்த நண்பரையும் செய்யச் சொல்லுங்கள். அவருக்கு எத்தனை வருடமோ, அவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மூன்று விரல் நுழையாதவர் பல் டாக்டரிடம் அன்றைக்கே போக வேண்டும்.

தேத்தண்ணிக் கடையைக் கேட்டிருந்தீர்கள். ஒரு மாதத்துக்குப் போகாதீர்கள். கயிற்றில் லைட்டர் தொங்குகிற, சில்லறைக்கு ஒற்றைச் சிகரெட் விற்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு மனதோடு மல்லுக்கட்டுவானேன்? ஏக்கம் ஒவ்வொரு தரமும் சில நிமிடம்தான் எழும்பி நிற்கும். அந்த நேரத்துக்குக் கால் நகர்ந்துகொண்டிருந்தால் போதும். வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் சைத்தன்லான் பகோடா படியேறுங்கள். மேலே போய்ச் சேரும்போது மூச்சு வாங்கும், முதல் வாரம் அதிகமாகவே வாங்கும்.

நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தால் என் கடிதத்தைக் காட்டுங்கள். பதினைந்தாம் நாள் எழுதுங்கள், நீளமாக வேண்டாம். குன்யாவை நிறுத்தியாயிற்றா, மூன்று விரலும் நுழைகிறதா, அது போதும்.

அன்புடன்,
அக்கா