இரண்டு சூப்பர்மேன் குழப்பம்: மூடி வைக்காதீர்கள்

நண்பரே, ‘க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ என்ற டிசி காமிக்ஸ் தொகுப்பில் இரண்டு சூப்பர்மேன் வந்ததும் குழம்பி மூடிவிட்டதாகவும், முன்கதைகளை எல்லாம் தேடிப் படிக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம்.

இந்தக் கதையில் பல இணை உலகங்கள் உண்டு; அவற்றுக்கு எர்த்-1, எர்த்-2 என்று பெயர். காதோரம் நரைத்தவர் எர்த்-2 சூப்பர்மேன், காதலி லோயிஸைக் கட்டிக்கொண்ட மூத்தவர். நரைக்காதவர் எர்த்-1. இறக்கை வைத்த தொப்பி போட்ட, மின்னல் வேகத்தில் ஓடும் ஃப்ளாஷும் எர்த்-2 ஆள்தான். இரண்டு ஃப்ளாஷ்களும் முதலில் சந்தித்தது 1961இல், ஃப்ளாஷ் 123ஆம் இதழில். ஆசையிருந்தால் அதை மட்டும் படியுங்கள்.

இப்போது முதல் அத்தியாயத்தை இன்னொரு முறை பாருங்கள். எர்த்-3இல் எல்லாமே தலைகீழ்: சூப்பர்மேன் மாதிரி இருப்பவன் வில்லன், சூப்பர்மேனின் பரம எதிரியான லூதர்தான் அங்கே நல்லவன். உலகம் அழியும் நேரத்தில் அவன் தன் கைக்குழந்தையை மட்டும் வேறு உலகத்துக்கு அனுப்பிவைக்கிறான். கிரிப்டான் கிரகம் அழியும்போது குழந்தை சூப்பர்மேனை அனுப்பிவைத்த கதை அப்படியே! எனக்கு இந்தத் தொகுப்பிலேயே பிடித்த இடம் அதுதான்.

ஓவியர் ஜார்ஜ் பெரெஸ் பக்கத்துக்குப் பக்கம் கூட்டத்தை அடைத்திருப்பார். ஒவ்வொருவரும் யாரென்று தேடினால் திருவிழாவில் தொலைந்த பிள்ளை கதைதான். 1985-86இல் மாதம் ஒன்றாக வந்த 12 இதழ்கள் அவை. நாளுக்கு ஒன்று போதும்.

ஒன்று மட்டும்: 7ஆம் இதழின் அட்டையைப் பார்க்காமல் புரட்டிவிடுங்கள். அந்த இதழின் முடிவை அங்கேயே வரைந்து வைத்திருக்கிறார்கள்.