மணப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போதுமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருச்செந்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மணப்பாடு போக வேண்டும் என்று ஆசை. டிசம்பர் கடைசியில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது வயது அம்மா என்று எல்லோரும் காரில் வருகிறோம். காலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு குலசை (குலசேகரன்பட்டினம்), மணப்பாடு, தேரிக்காடு, உவரி எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா? மணப்பாட்டில் ஒரு கோயிலும் ஒரு குகையும்தான், ஒரு மணி நேரம் போதும் என்கிறார் நண்பர். அம்மாவுக்கு மேடு ஏற முடியுமா என்பதும் கவலை.

அன்புடன்,
க., திருப்பூர்

அன்புள்ள க.,

முதலில் உவரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயிலும் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். அந்த நேரத்தை மணப்பாட்டுக்குக் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் கோயிலைப் பார்க்கலாம், குகையைப் பார்க்கலாம், போட்டோவும் எடுக்கலாம். ஊரைப் பார்க்க முடியாது.

திருச்செந்தூரிலிருந்து தெற்கே சுமார் 18 கிலோமீட்டர். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பெரிய மணல்மேடு, அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில். புயலில் பாய்மரம் முறிந்த ஒரு போர்த்துகீசியக் கப்பல் 1540-இல் இங்கே கரை சேர்ந்தது, அந்த மரத்தில் செய்த சிலுவையைத்தான் மேட்டில் நட்டார்கள் என்பது ஊர் சொல்லும் கதை. கோயில் எழுந்தது 1581-இல். செப்டம்பர் 14 திருவிழா நாள், அப்போது ஊர் கொள்ளாது. டிசம்பரில் நீங்கள் நிம்மதியாக நிற்கலாம்.

மேட்டுக்குக் கார் போகும், அம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். குகைக்குத்தான் கொஞ்சம் இறங்க வேண்டும். கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டிப் போங்கள். 1542-இல் இந்தக் கரைக்குக் கிறிஸ்தவ மறை பரப்ப வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை அது. ஜெபங்களைத் தமிழில் மாற்றி, மனப்பாடம் செய்து, ஊர் ஊராக நடந்து இந்தக் கரையின் மீனவர்களான பரதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவருக்கு முன்பே ஒரு சைவத் துறவி அதே குகையில் இருந்ததாகச் சொல்கிறார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இரண்டு பேரும் ஒரே அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் கண்ணை மூடியிருப்பார்கள்.

குகையில் ஒரு கிணறு இருக்கிறது. தயவுசெய்து அதை அவசரமாகக் கடந்து வந்துவிடாதீர்கள். பத்தடி தள்ளிக் கடல், ஆனால் கிணற்றில் நல்ல தண்ணீர். நான் முதல் தடவை ஒரு வாய் குடித்துவிட்டு, நம்பாமல் இன்னொரு வாய் குடித்தேன். உப்புக் கரிக்கவே இல்லை.

இதற்குக் காரணம் மணல்தான். பெய்கிற மழை ஓடாமல் அப்படியே மணலுக்குள் இறங்கிவிடுகிறது. அடியில் உப்புத் தண்ணீர் இருக்கும். மழைத் தண்ணீர் அதைவிட எடை குறைந்தது என்பதால் சுலபத்தில் கலந்துவிடாமல் மேலே மிதக்கிறது. மேலாக மொண்டால் இனிப்பு. பேராசைப்பட்டு ஆழத்தில் மோட்டார் போட்டு இழுத்தால் உப்பு ஏறிவிடும், ஏறினால் சீக்கிரம் இறங்காது. இந்த வட்டாரம் முழுக்க இந்தக் கணக்கில்தான் உயிர் வாழ்கிறது. திருச்செந்தூரில் நாழிக்கிணற்றுக்குப் போவீர்கள் அல்லவா? பெரிய கிணற்றுக்குள் ஒரு சின்னக் கிணறு. அதைச் சொல்லியே பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டி விளக்கி வையுங்கள். மணப்பாட்டுக் குகையில் தண்ணீரை வாயில் ஊற்றியதும் அவர்களே சொல்வார்கள்.

அதே கணக்குக்கு மூன்றாவது சாட்சி தேரிக்காடு. கரையில் வெள்ளையாக இருந்த மணல் அங்கே செக்கச் சிவந்து கிடக்கும், துகள்மேல் படிந்த இரும்பின் துரு அது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று அள்ளி அள்ளிப் போட்ட மேடுகள். பார்த்தால் பாலைவனம் மாதிரி இருக்கும். ஆனால் குதிரைமொழித் தேரிக்குள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனால் சுனையும் நிழலும் மரமுமாகக் குளிர்ந்து கிடக்கிறது. சுனையைக் காக்க ஒரு அய்யனாரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்றால் அந்தத் தண்ணீரின் அருமை என்ன என்று யோசித்துப் பாருங்கள். மத்தியானம் போகாதீர்கள், மணல் காலைச் சுட்டுவிடும். மாலை நாலு மணிக்கு மேல் சரி.

குலசையில் முத்தாரம்மன் தரிசனம் அரை மணியில் முடியும். தசரா என்றால் கதையே வேறு. மாலை போட்டு, காளி, குரங்கு, குறவன் என்று நேர்ந்துகொண்ட வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை எடுத்து வந்து அம்மனுக்குச் செலுத்தும் கூட்டம் லட்சக்கணக்கில் வரும். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இப்போது அந்தப் பக்கம் ராக்கெட் ஏவுதளம் வருகிறது, 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போக முடியுமா என்பதுதான் படகுக்காரர்களின் கேள்வி. அந்தக் கேள்விக்கு அவர்கள் மனம் நிறையும் பதில் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

திரும்ப மணப்பாட்டுக்கு வருவோம். கருமேனியாறு கடலில் சேரும் கழிமுகம் அங்கேதான். மேட்டில் நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் அசையாத தண்ணீர். பிள்ளைகளைக் கரையோரம் காலை நனைக்க விடலாம், முகத்துவாரத்தில் மட்டும் இறக்க வேண்டாம். இழுப்பு மேலே தெரியாது. அப்புறம் தெருக்களுக்குள் நடங்கள். கொழும்பு வியாபாரத்தில் சம்பாதித்த குடும்பங்கள் கட்டிய உயரமான பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன.

ஓலை முடையும் பெண்களையும் பாருங்கள். குருத்தோலையை விரித்து, ஈர்க்கை உருவிப் போட்டுவிட்டு, அளவுகோல் எதுவும் இல்லாமல் ஒரு அக்கா கட்டைவிரல் நகத்தால் கிழித்துக்கொண்டே போனார். பத்து இழையும் ஒரே அகலம். கண் ஓலையில் இல்லை, எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் வாங்கிய பெட்டியில்தான் என் மேஜைமேல் பேனாக்கள் இருக்கின்றன. விலை பேசாமல் வாங்குங்கள்.

டிசம்பரில் பதநீர் கிடைக்காது, அது பங்குனிக்கு மேல்தான். உடன்குடிக் கருப்பட்டி கிடைக்கும். சீனி கலந்ததும் நிறைய விற்கிறார்கள், ஆகவே ரோட்டுக் கடையில் வாங்காமல் பனையேறிக் குடும்பங்களைக் கேட்டு வாங்குங்கள். சிரட்டையில் ஊற்றி எடுத்த வடிவம் அப்படியே இருக்கும்.

ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று ஊர் கடலுக்குப் போகாது, படகு வந்து மீன் ஏலம் போவதைப் பார்க்க முடியாது. மற்ற நாளில் காலையிலேயே கரைக்குப் போய்விடுங்கள், முருகன் மாலையில் இருப்பார். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். மணப்பாட்டில் தங்க வசதி இல்லை என்றே வைத்துக்கொண்டு திருச்செந்தூரில் அறை போடுங்கள். கிளம்பும்போது காரில் ஒரு காலி பாட்டில் இருக்கட்டும், குகைக்கு இறங்க முடியாமல் அம்மா மேலேயே உட்கார்ந்துவிட்டால் கிணற்றுத் தண்ணீரை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அன்புடன்.