பிப்ரவரி தெரிந்த கடிகாரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பணி ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, தேதி, கிழமை, மாதம் எல்லாம் காட்டும் நல்ல சுவிஸ் மெக்கானிக்கல் வாட்ச் ஒன்று வாங்க ஆசை. கடையில் பர்பெச்சுவல் காலண்டர் வாங்குங்கள், விலை ஏறும் என்கிறார்கள். நண்பரோ ஆன்யுவல் காலண்டரே போதும் என்கிறார். விலையில் பெரிய வித்தியாசம். எதை வாங்கலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் நண்பர் பக்கம்தான் நான்.

சாதாரணத் தேதி வாட்சுக்கு எல்லா மாதமும் 31 நாள். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் முடியும்போது நாம்தான் திருத்த வேண்டும். ஆன்யுவல் காலண்டருக்கு 30, 31 வித்தியாசம் தெரியும். பிப்ரவரி மட்டும் பிடிபடாது. மார்ச் முதல் தேதி காலையில் ஒரு முறை தள்ளிவிட்டால் அடுத்த மார்ச் வரை கவலை இல்லை. சுவிஸ் வாட்ச் கம்பெனியான பட்டெக் பிலிப் 1996-ல் 5035 என்ற மாடலில் இதைக் கொண்டுவந்தது.

பர்பெச்சுவலுக்கு லீப் ஆண்டும் தெரியும். எப்படித் தெரிகிறது என்பதுதான் அழகு. பல மாடல்களில், நான்கு ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும் சிறு தகடு ஒன்று இருக்கும். அதன் விளிம்பில் 48 மாதத்துக்கு 48 இடம். 31 நாள் மாதத்துக்கு விளிம்பு முழு உயரம், 30 நாள் மாதத்துக்கு லேசான பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம். நான்கில் ஒரு பிப்ரவரியின் பள்ளம் மட்டும் மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் மேடாக இருக்கும், அதுதான் 29. ஒரு நெம்புகோலின் மூக்கு அந்தப் பள்ளத்தில் எவ்வளவு இறங்குகிறதோ, அதற்கேற்ப மாதக் கடைசியில் தேதி தாவும். கண்ணில் லூப்பை (வாட்ச் மெக்கானிக்கின் பூதக்கண்ணாடி) மாட்டிக்கொண்டு அந்தத் தகட்டை முதன்முதலில் பார்த்த அன்று, பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

2100-ம் ஆண்டு நான்கால் வகுபட்டாலும் லீப் ஆண்டு கிடையாது. அது இந்தத் தகட்டுக்குத் தெரியாது. அந்த மார்ச் முதல் தேதி அன்று வாட்ச் பிப்ரவரி 29 என்று காட்டும். யாராவது திருத்த வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் வேண்டாம் என்கிறேன்? வாட்ச் நின்றுபோனால்தான் பாடு. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வாட்சுகள் கழற்றி வைத்தால் இரண்டு, மூன்று நாளில் நின்றுவிடும். பழைய வகைப் பர்பெச்சுவலில் தேதி, கிழமை, மாதம், நிலா ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் உள்ள குட்டிப் பொத்தான்களை அழுத்தித் திருத்த வேண்டும். வாட்சோடு தரும் குச்சியால்தான் அழுத்த வேண்டும். ஊக்கால் குத்திக் கேஸைக் கீறிவிட்டு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர். இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் கர்ட் கிளாஸ். 1985-ல் ஐ.டபிள்யூ.சி. என்ற சுவிஸ் கம்பெனியின் டா வின்ச்சி மாடலில் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்து, பக்கத்துச் சாவி ஒன்றாலேயே நகரும்படி செய்தார். ஆண்டைக்கூட நான்கு இலக்கத்தில் காட்டும். அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் அதில் பின்னால் திருப்ப முடியாது. வாடிக்கையாளர் ஒருவர் தெரியாமல் இரண்டு நாள் கூடுதலாகத் தள்ளிவிட்டார். வாட்சை நிறுத்தி மேசை டிராயரில் வைத்து, நிஜத் தேதி வந்து சேரும்வரை இரண்டு நாள் காத்திருந்தோம். மாதக் கணக்கில் தள்ளியிருந்தால் கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும். வெளிநாட்டுக்குச் சர்வீசுக்குப் போன இன்னொருவரின் பர்பெச்சுவல் ஏழு மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது.

விலை ஏறும் என்ற பேச்சை விடுங்கள். பட்டெக்கின் 1518 என்ற பழைய பர்பெச்சுவல் மாடலில் ஸ்டீல் வாட்ச் ஒன்று 2016-ல் ஜெனிவா ஏலத்தில் 1.1 கோடி சுவிஸ் பிராங்குக்குப் போனது உண்மை. ஸ்டீலில் அந்த மாடல் வெளியே தெரிந்தது நான்கே நான்கு. அந்தக் கணக்கை வைத்து இன்று ஷோரூமில் இருப்பதை வாங்கக் கூடாது. தினமும் கட்டுவதற்கு வாங்குங்கள்.

அப்புறம், பழையது பிடிக்குமென்றால் 1950-களின் வாட்சுகளையும் பாருங்கள். என்னிடம் இருப்பது வால்ஜூ 88 மெஷின் போட்ட ஒன்று: தேதி, கிழமை, மாதம், நிலா, கூடவே ஸ்டாப்வாட்ச். வருடத்தில் ஐந்து முறை நானே தேதியைத் தள்ளுகிறேன். அந்த ஐந்து காலைகளும் எனக்குப் பிடித்தவை.

கேள்வி: அப்பாவின் வாட்சில் நிலா தெரியும் ஜன்னல் இருக்கிறது. பௌர்ணமி அன்று முழு நிலா வருவதில்லை, ஒரு நாள் பிந்துகிறதோ முந்துகிறதோ தெரியவில்லை. பழுதா?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: பழுது இல்லை அம்மா. உள்ளே இரண்டு நிலா வரைந்த தட்டுக்கு 59 பல். நாளுக்கு ஒரு பல். ஆக ஒரு நிலாவுக்கு 29.5 நாள். வானத்து நிலாவுக்கோ 29.53 நாள். மாதம் 44 நிமிடம் வாட்ச் முந்தும். இரண்டரை ஆண்டு தாண்டியதும் முழுதாக ஒரு நாள் ஆகிவிடும். சில கம்பெனிகள் 135 பல் வைத்து 122 ஆண்டுக்கு ஒரு நாள் என்று குறைத்திருக்கிறார்கள். அப்பாவின் வாட்சுக்கு அதெல்லாம் தேவையில்லை. தினசரி காலண்டரில் பௌர்ணமி பார்த்து, அன்று பகலில் நிலா ஜன்னலின் நடுவில் வரும்வரை பொத்தானை அழுத்துங்கள். பல வருடத்துக்குப் பிறகு திருத்துவதாக இருந்தால், ஒரு முறை எண்ணெய் போட்டுச் சர்வீஸ் செய்த பிறகு தொடுவது நல்லது.

கேள்வி: இரவு 11 மணிக்குத் தேதியை மாற்றினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு தேதி நகரவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இனி சாவியைத் திருகாதீர்கள், அப்படியே மெக்கானிக்கிடம் கொடுங்கள். அந்த நேரத்தில் தேதியைத் தள்ளும் விரல் ஏற்கெனவே பல்லுக்குள் மாட்டியிருக்கும். நீங்கள் மேலிருந்து தள்ளினால் ஒன்று விரல் வளையும் அல்லது பல் உடையும். இரவு 8 முதல் அதிகாலை 3 வரை தேதியைத் தொடக் கூடாது. முதலில் முள்ளைச் சுற்றி, தேதி மாறுகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள், அதுதான் நள்ளிரவு. அங்கிருந்து காலை 6 மணிக்குக் கொண்டுவந்து, பிறகு தேதியை மாற்றுங்கள்.

கேள்வி: தமிழ் மாதமும் தேதியும் காட்டும் வாட்ச் கிடைக்குமா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: நான் பார்த்ததில்லை. பிளாங்பான் என்ற சுவிஸ் கம்பெனி 2012-ல் சீனப் பாரம்பரியக் காலண்டரை வைத்து ஒரு வாட்ச் செய்தது. பார்மிஜியானி என்ற இன்னொரு சுவிஸ் கம்பெனி இஸ்லாமிய ஹிஜ்ரி காலண்டருக்கு ஒன்று செய்திருக்கிறது. ஹிஜ்ரிக்கு 30 ஆண்டுச் சுழற்சி என்று எழுதிவைத்த கணக்கு உண்டு. அதைப் பல்லில் வெட்டலாம். நம் மாதம் அப்படியில்லை. சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்ததற்குப் போகும் நேரத்தை வைத்து மாதம் பிறக்கிறது. அது சூரிய அஸ்தமனத்துக்கு முன்னா பின்னா என்று பார்த்துத்தான் முதல் தேதி. ஆனிக்கு 32 நாள் வரும், மார்கழி 29-லேயே முடியும். எந்த வருடம் எது என்பது மாறிக்கொண்டே இருக்கும். பர்பெச்சுவலின் 48 இடம் கொண்ட தகட்டில் இதை அடக்க முடியாது. நிலா ஜன்னல் உள்ள வாட்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அமாவாசையும் பௌர்ணமியுமாவது கையில் தெரியும்.