தவழவில்லை என்கிறீர்கள், கைதட்டுகிறாளே!

கேள்வி: என் மகளுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. தேதிக்கு ஐந்து வாரம் முன்னாலேயே பிறந்தவள். இன்னும் தவழவில்லை. உட்கார்ந்தபடியே பிட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர்கிறாள், அவ்வளவுதான். ஓரகத்தி பையன் இவளைவிட நான்கு நாள் சின்னவன், கட்டிலைப் பிடித்து நிற்கிறான். மாமியார் தினமும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். இவளோ பாயில் சிந்திய சோற்றுப் பருக்கையைப் பொறுக்கித் தின்பது, கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பது, பக்கத்து வீட்டு அக்கா தூக்கினால் வீறிட்டு அழுவது, சும்மா சும்மா கைதட்டுவது என்று பொழுதைப் போக்குகிறாள். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். வீடியோ காலில் வந்ததும் "தவழ்ந்தாளா?" என்பதுதான் முதல் கேள்வி. வாக்கர் வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா?
பெயர் வேண்டாம், வலங்கைமான் அருகில்.

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை உங்கள் கவலைதான் தெரிந்தது. அடுத்த முறை உங்கள் மகள் தெரிந்தாள். அவள் செய்கிற ஒவ்வொன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் குறையாக எழுதியிருக்கிறீர்கள்.

அந்தச் சோற்றுப் பருக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அவள் எடுக்கும்போது பக்கத்தில் குனிந்து பாருங்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் உள்ளங்கையைப் பரப்பி, பாயோடு சேர்த்து அள்ளியிருப்பாள். பாதி நழுவியிருக்கும். இப்போது ஆள்காட்டி விரல் முதலில் போய்ப் பருக்கையைத் தொடும், கட்டைவிரல் எதிரே வந்து சேரும், மற்ற மூன்று விரலும் மடங்கிக்கொள்ளும். நாளைக்குப் பேனா பிடிக்கப் போவதும், பூக்கட்டப் போவதும் இந்தப் பிடியில்தான். மருத்துவர்கள் ஒன்பது, பத்து மாதத்தில் இதைத்தான் தேடிப் பார்ப்பார்கள். தரையில் பொத்தான், மணி, நிலக்கடலை கிடக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்டியைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பது சேட்டை இல்லை. கண்ணுக்கு மறைந்த பொருளும் எங்கேயோ இருக்கிறது என்பது அவளுக்கு இப்போதுதான் பிடிபட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் அழுவதும் அப்படித்தான். தன் ஆள் யார், வேற்றாள் யார் என்று தெரிந்துவிட்டது. அந்த அக்காவிடம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள், தானாகப் பழகுவாள்.

அப்புறம் கைதட்டுவது. பிள்ளைத்தமிழில் இதற்கென்றே சப்பாணிப் பருவம் என்று ஒன்று உண்டு. உட்கார்ந்து கைகொட்டும் குழந்தையை ஒன்பதாம் மாதத்தில் வைத்துப் பாடுவது மரபு. உங்கள் மகளுக்குப் பத்து மாதம் ஆகிவிட்டதே என்று நினைப்பீர்கள். அங்கேதான் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, எத்தனை வாரம் முந்திப் பிறந்ததோ அத்தனை வாரத்தை வயதிலிருந்து கழித்துத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இதுதான் முறை. ஐந்து வாரத்தைக் கழித்தால் அவளுக்கு இன்னும் ஒன்பது மாதம்கூட நிறையவில்லை. ஓரகத்தி பையன் நாள் நிறைந்து பிறந்தவன் என்றால், அவன் நான்கு நாள் சின்னவன் இல்லை, ஒரு மாதம் மூத்தவன். இதை மாமியாரிடம் சண்டையாக இல்லாமல், கணக்காகச் சொல்லுங்கள். அப்படியே உங்கள் கணவர் குழந்தையில் எப்படி நகர்ந்தார் என்றும் கேட்டுப் பாருங்கள். பிட்டத்தைத் தேய்த்து நகரும் பழக்கம் சில குடும்பங்களில் வழிவழியாக வரும். அப்படி நகரும் பிள்ளைகள் பலர் கொஞ்சம் தாமதமாகவே நடப்பார்கள்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்கில், கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வதற்கான காலம் 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரை நீள்கிறது. நூற்றுக்கு நான்கு பேர் அப்படித் தவழவே இல்லை. தனியாக நடப்பதற்கு 17.6 மாதம் வரை இடம் இருக்கிறது.

வாக்கர் வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சக்கரம் வைத்த வாக்கரில் உட்கார்ந்த குழந்தை நுனிக்காலால் தரையைத் தள்ளப் பழகுமே தவிர, நடக்கப் பழகாது. முற்றமும் வாசற்படியும் உள்ள நம் ஊர் வீட்டில் ஒரு நொடி அசந்தால் தலைகுப்புற விழுந்துவிடும். கனடாவில் 2004-லேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். மரத்தில் செய்த நடைவண்டி வேறு. அவள் எழுந்து நின்று நாலு அடி வைக்கும்போது, நீங்கள் கூடவே இருந்து தள்ளவிடலாம்.

அந்தப் பணத்தில் பெரிய கோரைப்பாய் ஒன்று வாங்குங்கள். இடுப்பை விட்டு இறக்கி, குப்புறப் போட்டு, கைக்கு எட்டாமல் ஒரு சாண் தள்ளி அவளுக்குப் பிடித்த சாமானை வையுங்கள். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை என்றால், தட்டிவிட்டதும் ஆடிக்கொண்டே நிமிர்வதைப் பார்த்து இன்னொரு முறை எட்டுவாள். காகிதக்கூழ் பொம்மையின் சாயம் வாயில் போகாமல் கூடவே இருங்கள். எண்ணெய் தேய்த்த கையோடு டைல்ஸில் விடாதீர்கள், முழங்கால் வழுக்கும்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? கழித்துப் பார்த்த வயதில் ஒன்பது மாதம் நிறைந்தும் பிடிப்பில்லாமல் உட்கார முடியாவிட்டால், ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்தினால், உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருந்தால், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாவிட்டால் காத்திருக்கக் கூடாது. முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றை மறந்துவிட்டால் மறுநாளே போக வேண்டும், எந்த வயதானாலும். பதினெட்டு மாதத்தில் நடக்காவிட்டாலும் காட்ட வேண்டும். உங்கள் மகள் உட்கார்கிறாள், கைதட்டுகிறாள். ஆனாலும் குறைமாதப் பிள்ளை என்பதால் ஒரு முறை குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிறந்த வாரத்தை மறக்காமல் சொல்லுங்கள். தடுப்பூசி போடும் தாய் சேய் அட்டையிலேயே வளர்ச்சிப் படங்கள் இருக்கும், கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் விளக்குவார். ஏதாவது தேவைப்பட்டால் பயிற்சிக்கான தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன, செலவில்லாமல்.

குப்புற விழுந்தபோது கொழுக்கட்டை செய்தீர்களா? நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பலகாரம் மாறும், ஆனால் ஒவ்வொரு படிக்கும் அடுப்பில் ஏதாவது ஏறும். கைதட்டியதற்கும் ஏதாவது செய்யுங்கள், மாமியாரையே பிடிக்கச் சொல்லுங்கள். இன்று ராத்திரி கணவர் அழைக்கும்போது போனைப் பாய்க்குப் பக்கத்தில் தாழ்வாக வையுங்கள். ஒரு பருக்கையை முன்னால் போடுங்கள். அவர் "தவழ்ந்தாளா?" என்று கேட்பதற்குள் அந்த இரண்டு விரலையும் அவர் பார்த்துவிட வேண்டும்.